காது வைத்த மெஷின்

ஜூலை 21, திங்கள்

இன்று மெஷினுக்குக் காது வைத்தேன்.

கண்ணைப் போன மாதமே வைத்தாகிவிட்டது. எஃகுப் பொடியைத் தாள் கனத்துக்குப் பரப்பி, லேசரால் வேண்டிய இடத்தில் மட்டும் உருக்கி, அதன்மேல் இன்னொரு அடுக்குப் பரப்பி, இப்படி அடுக்கு அடுக்காக ஒரு பொருளை வளர்த்தெடுக்கும் மெஷின் எங்களுடையது. கோயம்புத்தூரில் இதுபோல் கைவிரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. உள்ளே ஒரு கேமரா ஒவ்வோர் அடுக்கையும் படம் பிடிக்கிறது. ஒரு சென்சார் உருகும் இடத்தின் வெளிச்சத்தைப் பார்க்கிறது. இன்று பொருத்திய மைக், உள்ளே எழும் சத்தத்தைக் கேட்கும். மூன்றில் எதற்குச் சந்தேகம் வந்தாலும் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் தானாக நின்றுவிடும். எல்லாம் சரி என்றால் பச்சை. எது சரி, எது தப்பு என்று முடிவு செய்வது நான் எழுதிய புரோகிராம். "நான்" என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

பம்ப் பாகங்கள் செய்து சம்பாதித்ததையெல்லாம் இந்த மெஷினில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் முதலாளி நாச்சிமுத்து சார் வந்து பார்த்தார்.

"ஏங்கண்ணு சுபாஷிணி, பெங்களூர்க்காரங்க அடுத்த மாசம் இருபத்தொண்ணாந் தேதி ஆளனுப்பறாங்க. இந்தக் கண்ணு, காது எல்லாம் அவிங்களுக்குப் புடிச்சா ஆர்டரு. புடிக்கலீனா ராஜ்கோட்டுக்காரன் லாரியோட வந்து மெஷினை ஏத்தீட்டுப் போயிருவான். வெலை பேசி வெச்சுட்டேன்."

"அப்ப நானுங்க சார்?"

"மேல போயிப் பழையபடி கொட்டேசன் டைப் அடி."

மூன்று வருடம் மாடியில் கொட்டேஷன் டைப் அடித்தவள் நான். கீழே இறங்கி வருவதற்கு எட்டு மாதம் சண்டை போட்டிருக்கிறேன். இனி மேலே போவதாக இல்லை.

மெஷினை ஓட்டும் சேனாபதி மைக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, "காது வெச்சுட்டீங்க, சரி. தோடு எப்பங்க மேடம்?" என்றான். என் வயதுதான் அவனுக்கு. சட்டைக் கையை எப்போதும் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருப்பான். அது எதற்கு என் கண்ணில் பட்டது என்று தெரியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எங்கள் ஷெட்டின் பின்சுவருக்கு அந்தப்பக்கம் மாரியம்மன் கோவில். இன்று பூச்சாட்டு, திருவிழாவின் முதல் நாள். திருவிழா முடியும்வரை இனி பாட்டுத்தான். மைக் செட் குழந்தைவேலு என்பவர் வந்து கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார். கோவிலைப் பார்த்துக் கட்டியிருக்கலாம். எங்களைப் பார்த்துக் கட்டிவிட்டுப் போனார்.

புரோகிராமுக்குப் பாடம் தொடங்கிவிட்டேன். மெஷின் ஒழுங்காக ஓடும்போது எப்படிச் சத்தம் வரும் என்று நாள் கணக்கில் கேட்கவைக்க வேண்டும். அது மனதில் பதிந்த பிறகு, அதிலிருந்து மாறி என்ன கேட்டாலும் கத்தும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பதிவு. ராத்திரியும் பதிவு செய்வது நல்லதுதான், ஆனால் லேப்டாப் எனக்கு வீட்டில் வேண்டும். முக்கியமான வேலைக்கு. சீரியலும் அதில்தான் பார்க்கிறேன் என்பது வேறு விஷயம்.

ஜூலை 25, வெள்ளி

ஒரே பென் டிரைவ். அதே பதினொரு பாட்டு. மூன்றாவது பாட்டின் உடுக்கைச் சத்தம் பல் தேய்க்கும்போதும் கேட்கிறது.

ஜூலை 30, புதன்

சேனாபதி கையில் காப்புக் கட்டியிருக்கிறான். செருப்பில்லாமல் வர முடியாது, இது ஃபேக்டரி என்று சொன்னேன். "ஷூவுக்கு அம்மன் ஒண்ணும் சொல்லாதுங்க மேடம்" என்றான்.

பதினொரு பாட்டும் அவனுக்கு மனப்பாடம். கூடவே பாடுகிறான். குரல் ஒன்றும் மோசமில்லை. பதிவுக்கு இடைஞ்சல் என்று சொன்னதும் நிறுத்திவிட்டான். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஜெயித்துவிட்டேன்! இன்று வேண்டுமென்றே பவுடரைக் குறைத்துப் போட்டோம். சிவப்பு. பவுடரைப் பரப்பும் பிளேடை லேசாகச் சாய்த்தோம். சிவப்பு. சரிசெய்தோம். பச்சை. ஒரு தடவை கூடத் தப்பவில்லை. பின்னால் அந்த ஸ்பீக்கர் அலறுகிற அலறலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை, என் மெஷினுக்கோ ஊசி விழுந்தாலும் கேட்கிறது. பிள்ளை என்னையே உரித்து வைத்திருக்கிறது.

நாச்சிமுத்து சார் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். சேனாபதி தன்னுடையதில் பாதியை என்னிடம் நீட்டினான். பன் நன்றாக இருந்தது என்பதால் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மஞ்சள் நீராட்டு. திருவிழா முடிந்தது. சேனாபதி தலை முதல் கால் வரை மஞ்சளாக கேட்டில் நின்றிருந்தான், கையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர்.

"ஊத்தலாமுங்களா மேடம்?"

"முறைப்பொண்ணுங்க மேலதான ஊத்தோணும்? நான் உங்களுக்கு என்ன முறையாகோணும்?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். சாயங்காலம் வரை சொல்லவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன்.

ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாடா.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஷெட் முழுக்க அமைதி. இப்படி ஓர் அமைதியை அனுபவித்து மூன்று வாரம் ஆகிறது. லேசர் ஓடும் சத்தம் எண்ணெய் காய்கிற மாதிரி மெலிதாகக் கேட்டது. ரசித்துக்கொண்டே நின்றேன்.

சிவப்பு.

பார்த்தோம், ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினோம். சிவப்பு. மறுபடி. சிவப்பு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பவுடரைச் சலித்தோம். கண்ணாடியைத் துடைத்தோம். ஆர்கான் சிலிண்டரை மாற்றினோம். மெஷினுக்கு உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளத்தான் அந்த வாயு, அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மாற்றினோம். சிவப்பு.

நாச்சிமுத்து சார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போனில் யாரிடமோ இந்தியில் பேசினார். ராஜ்கோட்டாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 13, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கோபத்தில் பேனாவை அழுத்தி எழுதுகிறேன்.

காலையிலிருந்து உட்கார்ந்து கவனித்தேன். சேனாபதி மெஷின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் பச்சை. டீ குடிக்கப் போனால் சிவப்பு. சாப்பாட்டுக்குப் போனால் சிவப்பு. திரும்பி வந்தால் பச்சை! சந்தேகத்துக்கு இடமே இல்லை. வயரில் ஏதோ செய்கிறான். மெஷினுக்குக் காது வந்தால் தன்னுடைய மதிப்புப் போய்விடும் என்று பயம். முதல் நாளே தோடு, கீடு என்று கேலி செய்தானே.

நாச்சிமுத்து சாரிடம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை அவர். "சேனாபதியா? அவனுக்கு அத்தனை மூளையெல்லாங் கெடையாதே கண்ணு" என்றார். நான் விடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சேனாபதியைப் பவுடர் சலிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். சண்டை போடுவான் என்று நினைத்தேன். "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னான். சட்டைக் கை மடிப்பை இறக்கி பட்டன் போட்டுக்கொண்டு போனான்.

நேற்றிலிருந்து மைக் பெட்டியின் மேலேயே தன் போனை வைத்துக்கொண்டிருந்தான். அதையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். கோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் திருவிழா முடிந்தாலும் இவனுக்கு முடியாது.

ஆகஸ்ட் 16, சனி

நானே மெஷினை ஓட்டினேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சலிக்கும் அறையிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் சலிக்கும் அறைக்குப் போய், "வயர்ல என்ன பண்ணுனீங்கன்னு சொல்லீட்டா முடிஞ்சுது, சாருகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். வந்து காட்டச் சொன்னேன். வந்தான். வயரைத் தொடவில்லை. மெஷின் முன்னால் வந்து நின்று குனிந்தான், அவ்வளவுதான். சிவப்பு பச்சையாகிவிட்டது. இரண்டடி பின்னால் வந்தான். சிவப்பு. குனிந்தான். பச்சை.

அப்போதுதான் அவன் சட்டைப் பையிலிருந்து அந்த உடுக்கைச் சத்தம் வந்தது. மூன்றாவது பாட்டு. அவன் போனைப் பிடுங்கி மைக் பெட்டிமேல் வைத்தேன். பச்சை. எடுத்தேன். சிவப்பு.

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். மெஷின் ஒழுங்காக ஓடும் சத்தம் இதுதான் என்று மூன்று வாரமாக நான் கேட்கவைத்தது லேசர் சத்தத்தை மட்டுமில்லை. ஒன்பது முதல் ஆறு வரை, பின்சுவர் வழியாக, பதினொரு அம்மன் பாட்டையும் சேர்த்துத்தான். பாட்டு இருந்தால் எல்லாம் சரி. பாட்டு நின்றால் ஏதோ பெரிய ஆபத்து. என் மெஷின் என்ன செய்யும் பாவம், நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே படிக்கும்.

சேனாபதிக்கு விளக்கிச் சொன்னேன். போனைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தான். மன்னிப்புக் கேட்டேன்.

"கேக்கலீங்க மேடம். பாட்டுச் சத்தமுங்க."

இன்னொரு முறை சத்தமாகக் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மடிப்பு மடிப்பாகச் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டான்.

நாச்சிமுத்து சாரிடம் போய், வயர் லூஸாக இருந்தது, சேனாபதிமேல் தப்பில்லை என்றேன். லூஸாக இருந்தது வயர் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பாட்டு இல்லாமல் புதிதாகப் பழக்க இரண்டு வாரம் வேண்டும். நாளை மறுநாள் பெங்களூர்க்காரர் வருகிறார். உண்மையைச் சொன்னால் லாரி வரும்.

போனை மைக்மேல் வைத்து ஒப்பேற்றலாம் என்றால், அதுவும் முடியாது. ஆய்வு அன்று யாரும் உள்ளே போன் கொண்டுவரக் கூடாது என்று பெங்களூரிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். ஆக ஒரே வழிதான் இருக்கிறது. அதே குழாய் ஸ்பீக்கர், அதே கம்பம், அதே பென் டிரைவ்.

சேனாபதியின் பைக்கில் குழந்தைவேலு கடைக்குப் போனோம். வழியில் ஸ்பீடு பிரேக்கர் நிறைய.

"என்ன விசேசமுங்க அம்மணி?" என்றார் குழந்தைவேலு.

"கம்பெனி விசேஷமுங்கண்ணா."

"ஆவணில அம்மன் பாட்டுங்களா? அடுத்த வாரம் பிள்ளையார் சதுர்த்தி வருது. பிள்ளையார் செட்டு நெம்ப நல்லா இருக்கு, புதுசுங்க, அதைப் போட்டுத் தர்றனே?"

"அம்மன்தாங்கண்ணா வேணும். அதே பதினொண்ணு. முன்னப்பின்ன மாறக் கூடாது."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்தி என்று நினைத்திருப்பார். வீட்டில் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். லேப்டாப்பில் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒலி அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவள் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "இப்பவாச்சும் உனக்குப் புத்தி வந்துச்சே" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. நாளெல்லாம் பச்சை.

நாச்சிமுத்து சார் கம்பத்தைப் பார்த்து, "இது எதுக்குடா மறுபடியும்?" என்று கேட்டார். சேனாபதி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆர்டர் கெடைக்கோணும்னு மேடத்தோட வேண்டுதலுங்க சார்."

அவர் கோவில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பாவம் அந்த மனுஷர். ஆர்டர் கிடைக்க வேண்டும் என்று நானும் மனதார வேண்டிக்கொண்டேன், பொய் முழுப் பொய்யாக இருக்க வேண்டாமே.

ஆகஸ்ட் 21, வியாழன்

வந்தவர் பெயர் ஜெபசிங். நாகர்கோவில்காரர், பெங்களூரில் இருபது வருடமாக இருக்கிறார். சிரிக்கவே இல்லை. எல்லார் போனையும் கேட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் தட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள். சிறிய இம்பெல்லர் மூன்று, பம்புக்குள் சுற்றும் சக்கரம், காலையில் தொடங்கி மாலைக்குள் முடித்துக் காட்ட வேண்டும். நடுவே அவர் எங்கே வேண்டுமானாலும் நிற்பார், எதை வேண்டுமானாலும் கேட்பார்.

சேனாபதி மெஷினை ஓடவிட்டான். நான் பின்பக்க ஜன்னலில் துண்டை ஆட்டினேன். போன் இல்லாததால் குழந்தைவேலுவுக்கு அதுதான் சைகை. பாட்டு வந்தது.

பிள்ளையார் பாட்டு.

சிவப்பு. மெஷின் நின்றது. சேனாபதி ஓடினான். சுவருக்கு அந்தப்பக்கம் குழந்தைவேலுவின் குரல் பாட்டையும் மீறிக் கேட்டது. "பிள்ளையார் பாட்டுப் போடாம எப்புடீங்க தம்பி ஆரம்பிக்கறது? நானும் முப்பது வருசமாத் தொழில் பண்றனுங்க!"

ஜெபசிங் என்னைப் பார்த்தார். "என்னம்மா, ஆரம்பத்துலயே செவப்பு?"

"சூடேறுதுங்க சார்" என்றேன். எனக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளையார் பாட்டு முழுதாக முடியும்வரை குழந்தைவேலு அசைந்து கொடுக்கவில்லை. பிறகு அம்மன் பாட்டு. பச்சை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டோம்.

"கோயில்ல கொடையா?" என்று கேட்டார் ஜெபசிங். அவர் ஊரில் திருவிழாவுக்கு அப்படிச் சொல்வார்கள் போல. ஆமாம் என்று தலையாட்டினேன். நாச்சிமுத்து சார் வேண்டுதல் என்று ஏதோ ஆரம்பித்தார். அவர் கையில் டீயைக் கொடுத்தேன்.

மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. ஜெபசிங் எதையெதையோ கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பிறகு, மூன்றாவது பாட்டு உடுக்கையோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, சிவப்பு.

பாட்டு ஓடுகிறது, அதே பாட்டு, அதே கம்பம். அப்படியும் சிவப்பு என்றால் புரோகிராம் மொத்தமாகக் கெட்டுவிட்டது. ஜெபசிங் இன்னும் திரும்பவில்லை. சிவப்பைத் தள்ளிவிட்டு மேலே ஓட்டுவதற்கு ஒரு பட்டன் உண்டு. விரல் அதன்மேல் போய்விட்டது.

சேனாபதி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இருங்க. பாட்டு ஓடுதுல்லீங்க?"

"அதனாலதான் சொல்றேன், இது பொய்."

"பாட்டு நின்னாத்தான பொய் சொல்லும்? இப்ப நெசமா ஏதோ இருக்குங்க, சுபா."

சுபா. மேடம் இல்லை. நான் பட்டனிலிருந்து கையை எடுத்தேன். டார்ச்சை வாங்கிக் கண்ணாடி வழியாக உள்ளே அடித்தேன். மூன்று சக்கரத்தில் ஒன்றின் ஓரம், நகக் கனத்துக்கு, பவுடரை விட்டு மேலே சுருண்டு நின்றது. பிளேடு ஒவ்வொரு முறை போகும்போதும் அதில் உரசியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பிளேடு உடைந்து மூன்றும் நாசம், மெஷினும் படுத்திருக்கும். அத்தனை உடுக்கைக்கும் பம்பைக்கும் நடுவில் அந்த ஒரு கீச்சுச் சத்தத்தை அது பிரித்துக் கேட்டிருக்கிறது. அதைச் செய்தவள் நான், அதை நம்பாத முதல் ஆளும் நான். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, கத்த வேண்டும் போல.

ஜெபசிங் டார்ச்சை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நல்ல காதும்மா" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. கெட்டதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் தொடரச் சொன்னார். தொடர்ந்தோம். பச்சை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. தலை வலிக்கி. ரிப்போர்ட் எழுதணும்."

யாரும் நகரவில்லை. நாச்சிமுத்து சார்தான், ஒன்றும் தெரியாத புண்ணியவான், ஜன்னலுக்குப் போய், "குழந்தைவேலு, நிறுத்தப்பா!" என்றார்.

பாட்டு நின்றது. சிவப்பு.

ஜெபசிங் விளக்கைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "போடச் சொல்லுங்க" என்றார். பச்சை. "நிறுத்துங்க." சிவப்பு. அவரே ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டு நிறுத்தவும் போடவுமாக அரைமணி நேரம் குழந்தைவேலுவை ஆட்டிவைத்தார். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கு மேல நீங்கதான் சொல்லணும்."

இரண்டு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் இவ்வளவு நேரம் உண்மை பேசிய மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. பூச்சாட்டு முதல் பென் டிரைவ் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சேனாபதிமேல் புகார் கொடுத்ததையும் சொன்னேன். நாச்சிமுத்து சார் பவுடர் டப்பாவின் மேல் மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் லாரி வந்து நின்றது.

ஜெபசிங் யோசித்தார். "பாட்டு இல்லாட்டி?"

"எப்பவும் சிவப்புதாங்க சார்."

"தப்பை நல்லதுன்னு சொல்லுமா?"

"சொல்லாதுங்க. நல்லதைத்தான் தப்புன்னு சொல்லும்."

"பாட்டு இருந்தா?"

"நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன்" என்றார். "நான் சோதிச்சது பாட்டோட. பாட்டோட அது சரியா வேலை செய்யுது. எந்த நிலையில சோதிச்சுப் பாஸ் பண்ணுதோமோ, அதுல ஒண்ணையும் மாத்தக் கூடாது. அது எங்க விதி. லேசர் அளவை மாத்தக் கூடாது. அடுக்குக் கனத்தை மாத்தக் கூடாது. அதே மாதிரி..." ஜன்னலைக் காட்டினார். "அதையும் மாத்தக் கூடாது. அதே ஸ்பீக்கர், அதே கம்பம், அதே சவுண்டு, அதே பதினொரு பாட்டு. ஒன்பதுல இருந்து ஆறு மணி வரை. ஒரு பாட்டு மாறிச்சுன்னா நான் மறுபடி வரணும்."

"ரெண்டு வாரங் குடுத்தீங்கன்னா பாட்டில்லாமப் பழக்கீர்றனுங்க சார்!"

"பழக்குங்க. சோதிக்க எனக்கு அடுத்த வருஷம்தான் தேதி இருக்கு." பேனாவை மூடினார். "ஆர்டர் இப்ப வேணுமா, அடுத்த வருஷம் வேணுமா?"

நாச்சிமுத்து சார் டப்பாவிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். "குழந்தைவேலு! நிறுத்தீறாதப்பா! எப்பவுமே நிறுத்தீறாத!"

ஆகஸ்ட் 22, வெள்ளி

ராஜ்கோட்டுக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. என் பெயர்ப் பலகையைக் கீழே மாட்டினார்கள். நாச்சிமுத்து சார் என்னைத் திட்டவில்லை. "வேண்டுதல்னு சொன்னியே கண்ணு" என்று மட்டும் சொன்னார். அது திட்டை விட மோசம். மன்னிப்புக் கேட்டேன். "பலிச்சுருச்சல்ல, உடு" என்றார்.

சேனாபதி பழையபடி மேடம் என்கிறான். நேற்று வாய் தவறியிருக்கும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பெங்களூரிலிருந்து ஒரு பையன் வந்து குழந்தைவேலுவின் கடையை ஆய்வு செய்தான். எங்களுக்கு ஸ்பீக்கர் கொடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் இப்போது அவர். சவுண்டு அளவுக்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்டிருக்கிறான். "ஊருக்குள்ள போயிக் கேளுங்க தம்பி, எம்பட சவுண்டு எத்தனை தூரம் கேக்கும்னு" என்றாராம். முதல் பாட்டாகப் பிள்ளையாரைப் போட முடியாததுதான் அவருக்கு ஆறாத வருத்தம். காலை ஒன்பதுக்கு முன்னால் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

தினமும் ஒன்பது மணிநேரம் அதே பாட்டு. சேனாபதி கூடவே பாடுகிறான். இடைஞ்சல் என்று நான் சொல்வதில்லை. அவன் குரல் ஆய்வின்போது இல்லை, பெங்களூருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். விளக்கு பச்சையாகத்தான் இருக்கிறது, அதனால் சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

குழந்தைவேலு கையில் காலண்டரோடு வந்தார். தை மாத முகூர்த்தத்துக்கு மற்ற செட் எல்லாம் புக் ஆகிவிட்டதாம். மெஷினுக்குக் கட்டியிருக்கிற இந்த ஒரு செட்தான் மிச்சம்.

"தை எட்டு நெம்ப நல்ல முகூர்த்தமுங்க அம்மணி. நாலு பேர் கேக்கறாங்க. செட்டு அன்னிக்கு மெஷினுக்கு வேணுமுங்களா? இல்ல நாங் குடுத்தரட்டுங்களா?"

காலண்டரைப் பார்த்தேன். உள்ளே சேனாபதி மூன்றாவது பாட்டில் இருந்தான்.

"யாருக்கும் குடுத்தராதீங்கண்ணா. அன்னிக்கு மெஷினுக்கு லீவு. ஒரு கல்யாணத்துக்கு வேணும்."

"யாரோட கல்யாணமுங்க?"

"என்னோடதுதாங்கண்ணா."

அவருக்கு முகமெல்லாம் பல். "மாப்பிள்ளை எந்த ஊருங்க அம்மணி?"

"உள்ள மெஷின் ஓட்டீட்டு இருக்காருங்க."

சொல்லிவிட்டேன். புக் பண்ணியும் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்குத்தான் இன்னும் தெரியாது. நாளை டீ இடைவேளையில் சொல்ல வேண்டும், அதற்குள் குழந்தைவேலு மைக்கில் சொல்லாமல் இருந்தால்.